எட்டு மாதமாக நோட்டில் 130/80: ஆரம்ப சுகாதார நிலையத்தின் தரத்தை எதை வைத்து அறிவது?

கேள்வி: மலைக்காட்டான்

வணக்கம். ஏற்காட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரில் என் அம்மா தனியாக இருக்கிறார், வயது 67. நான் சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருந்துகொண்டு மாதம் இருமுறை மேலே போய் வருகிறேன். ஐந்தாண்டுகளாக அவருக்குச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பெயர் வேண்டாம்) மாத்திரை வாங்கிக்கொள்கிறார். மருந்து இல்லையென்று ஒரு நாளும் திருப்பி அனுப்பியதில்லை. கட்டடம் சுத்தம், யாரும் சிடுசிடுப்பதில்லை.

போன வாரம், நிலையத்தில் மாதாமாதம் கொதிப்பு அளவை எழுதித் தரும் அவருடைய நோட்டைப் புரட்டினேன். ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை எட்டு வரியிலும் 130/80 என்றே இருக்கிறது. நான் வாங்கிப்போன கருவியில் அன்று மாலை 164/92, மறுநாள் காலை 158/90. கேட்டால், "கூட்டமா இருந்தா பட்டை கட்ட மாட்டாங்க கண்ணு, எப்பவும் போலத்தானேன்னு கேட்டு எழுதிக்குவாங்க" என்கிறார். மருந்தும் மரியாதையும் கிடைக்கும் இடத்தைத் தரமற்றது என்று சொல்லலாமா? புகார் செய்வதா, அல்லது மாதாமாதம் சேலத்துக்கு அழைத்துவந்து தனியார் மருத்துவரிடம் காட்டுவதா?

பதில் 1: ஓய்வுபெற்ற மருந்தாளுநர், செவ்வாய்ப்பேட்டை

மருந்து தடையின்றிக் கிடைப்பதைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டு, மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைத்து, மாதிரிகளை ஆய்வகத்தில் சோதித்த பிறகே வெளியே அனுப்பும் முறை வந்தது. அதற்கு முன்பு மாதக் கடைசியில் அலமாரியைத் திறக்கவே எங்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

ஆனால் மருந்து இருப்பது பாதிதான். மருத்துவச் சேவையின் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் வழியை அவேதிஸ் டோனபேடியன் என்பவர் 1966-இல் எழுதிவைத்தார். கட்டடம், கருவி, மருந்து ஆகியவை அமைப்பு. பட்டையை உண்மையில் கட்டினார்களா என்பது செயல்முறை. கொதிப்பு கட்டுக்குள் இருக்கிறதா என்பது விளைவு. உங்கள் அம்மா போகும் நிலையம் முதலாவதில் தேறி, இரண்டாவதில் சறுக்கியிருக்கிறது. மின்னணுக் கருவியில் எட்டு மாதமும் ஒரே எண் வராது. அது அளந்த எண் அன்று.

இரண்டே அளவுகளை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, பேசாமல் உட்கார்ந்த பிறகு, துணியில்லாத கையில் பட்டை கட்டி, கையை நெஞ்சுயரத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணிக்குள் காப்பி கூடாது (உங்கள் மலையில் இது கடினம்தான்). ஒரு வாரம் காலையும் மாலையும் இப்படிக் குறித்து, சராசரி 135/85-ஐத் தாண்டினால் அது கவனிக்க வேண்டிய கொதிப்பு.

பதில் 2: முன்னாள் கிராம சுகாதார செவிலியர்

செய்தது தவறுதான், நியாயப்படுத்த வரவில்லை. எப்படி நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 3,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது விதி. சமவெளியில் இவை 30,000, 5,000. இந்தக் கணக்கில் ஏற்ற இறக்கமும் பேருந்து நேரமும் வராது. காலைப் பேருந்து வந்து நின்றதும் அறுபது பேர் ஒன்றாக இறங்கி, அதே பேருந்து திரும்புவதற்குள் முடித்துத் தரச் சொல்வார்கள். இருப்பது ஒரு செவிலியர், ஒரு கருவி, ஒரு நாற்காலி. நோட்டிலும் எழுத வேண்டும், கணினியிலும் ஏற்ற வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் மேலிருந்து விளக்கம் கேட்பார்கள்; 130/80 என்று இருந்தால் யாரும் கேட்பதில்லை.

ஆகவே எடுத்த எடுப்பில் புகார் வேண்டாம். வீட்டுக் குறிப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு, கூட்டம் கலைந்த பிறகு மருத்துவ அலுவலரை நேரில் பாருங்கள். மாத்திரை அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்தப் பட்டியலில் அம்மாவின் பெயர் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று. வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கச் சொல்லியிருப்பார்கள். நான்கு கிலோமீட்டர் நடந்து வரும் சர்க்கரை நோயாளி எப்படிச் சாப்பிடாமல் வருவார்? கஞ்சி குடித்துவிட்டு வந்து, இல்லையென்று சொல்வார். பொய் எண் நோட்டில் ஏறுவதற்கு எங்கள் பேனா மட்டும் காரணம் அன்று. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனைக்கு வயிறு காலியாக இருக்க வேண்டியதில்லை.

பதில் 3: கன்னங்குறிச்சி வாசகர்

சேலத்துக்கு அழைத்துவரும் யோசனை பற்றி மட்டும். என் அப்பாவை அப்படித்தான் கூட்டிவந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி. இங்கே இரண்டு மணி நேரம் காத்திருந்து, மருத்துவர் முன் அமர்ந்தது இரண்டு நிமிடம். மூன்றாம் மாதம் வர மறுத்தார். மேலே சீட்டு எழுதி மாத்திரை வாங்குவதையும் அதற்குள் விட்டிருந்தார். மாத மருந்து மலையிலேயே இருக்கட்டும். கண்ணின் விழித்திரை, பாத உணர்ச்சி, சிறுநீரில் புரதம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பெரியாஸ்பத்திரிக்கு இறக்கினால் போதும். இவற்றை யாராவது இதுவரை பார்த்திருக்கிறார்களா என்பதே தரத்துக்கு என்னுடைய முதல் கேள்வி.

மலைக்காட்டான் (மூன்று வாரம் கழித்து)

அனைவருக்கும் நன்றி. ஏழு நாள் சராசரி 156/90. மருத்துவ அலுவலர் நோட்டைப் பார்த்துச் சற்று நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு தாமே பட்டை கட்டி இரு கைகளிலும் பார்த்தார். மாத்திரையை மாற்றி எழுதி, கிரியாட்டினினுக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார். கண்ணும் பாதமும் இதுவரை யாரும் பார்த்ததில்லை. அடுத்த மாதம் கீழே அழைத்து வருகிறேன். நோட்டின் புது வரியில் இப்போது 158/92 இருக்கிறது. அம்மாவுக்குத்தான் வருத்தம்: "நல்லா இருந்த நோட்டைக் கெடுத்துட்டியே கண்ணு" என்கிறார்.