டொமினிகாவில் கப்பல் நிற்கிறது, அருவிக்குப் போய்வர நேரம் இருக்குமா?

மார்த்தாண்டம் பையன்:
கப்பலில் லாண்டரி வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. இப்போது கரீபியன் பக்கம். அடுத்த வாரம் டொமினிகாவில் நிற்கிறோம். எனக்குக் காலை 9 முதல் 2:30 வரை ஓய்வு. ஒரு அருவியாவது பார்க்க முடியுமா? பயணிகளுக்கு விற்கும் டூருக்குக் கையில் காசில்லை. "பஸ் ஏறினால் திற்பரப்பு, அதையே ஒழுங்காகப் பார்க்காதவன் அங்கே போய் என்னத்தைப் பார்க்கப் போகிறான்" என்கிறாள் அம்மா.

வடசேரி ரசிகன்:
ஸ்பானிஷ் கொஞ்சம் படித்துக்கொண்டு போங்கள்.

குலசேகரம் அண்ணாச்சி:
ரசிகன் தம்பி சொல்வது டொமினிகன் குடியரசு, அது வேறு நாடு. இது இங்கிலீஷ் பேசும் சின்னத் தீவு. 2023 ஜூலையில் அஸ்வின் 12 விக்கெட் எடுத்த வின்ட்சர் பார்க் மைதானம் இதன் தலைநகர் ரோசோவில்தான் இருக்கிறது.

மக்கா, நான் கப்பல் சமையல்கட்டில் பத்து வருடம் நின்றவன். முதலில் இன்-போர்ட் மேனிங் பட்டியலில், அதாவது துறைமுகத்தில் நிற்கும்போது கப்பலைவிட்டு இறங்கக் கூடாதவர்கள் பட்டியலில், உன் பெயர் இருக்கிறதா என்று பார். இருந்தால் அருவியும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்புறம் நாலைந்து பேராகச் சேர்ந்து வேன் டாக்ஸி பிடியுங்கள். போக, வர, காத்திருக்க என்று எல்லாம் சேர்த்து ஏறும் முன்பே பேசிவிடு. எந்த டாலர் என்றும் கேட்டுக்கொள். அந்த ஊர் டாலர் 2.70 சேர்ந்தால்தான் ஒரு அமெரிக்க டாலர்.

நேராக ட்ரஃபால்கர் அருவிக்குப் போ. ரோசோவிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். இறங்கிக் காட்டுக்குள் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஒரு மேடை. எதிரே இரண்டு அருவிகள். இடப்பக்கம் விழும் உயரமான அருவியை அப்பா என்கிறார்கள், வலப்பக்கத்தை அம்மா. அப்பா 125 அடி இருக்கும், நம் திற்பரப்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

ஆனால் எனக்கு மறக்காதது உயரம் இல்லை. பாறைச் சந்தில் கை வைத்தேன், வெந்நீர்! பக்கத்திலேயே ஜில்லென்று அருவி விழுகிறது. எரிமலைத் தீவு அல்லவா. வெந்நீர் வடிகிற பாறையெல்லாம் துருப்பிடித்த மாதிரி சிவந்து கிடக்கும். அடுப்படியில் நின்று நின்று வீங்கியிருந்த முழங்காலுக்கு எட்டு மாதத்தில் கிடைத்த ஒரே ஒத்தடம் அதுதான்.

எமரால்டு பூலும் பார் என்று டிரைவர் இழுப்பார். அழகான இடம்தான், ஆனால் அது வேறு சாலை. உன் நேரத்துக்கு இரண்டும் வேண்டாம்.

இன்னொன்று, மயாமியிலிருந்து வரும் கப்பல் குளிர்காலத்தில் தன் பழைய நேரத்திலேயே ஓடினால் தீவின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். போன் தானாக மாறிவிட்டது தெரியாமல், கப்பல் போய்விடும் என்று பாதிக் குளியலில் ஓடிவந்தேன். துறைமுகத்தில் ஒரு மணி நேரம் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம்.

அருவிக்கரை அக்கா:
அந்த ஊர் எனக்குத் தெரியாது தம்பி. திற்பரப்பில் கடை வைத்திருக்கிறேன். நமக்கு வெயிலடிக்கும்போதே மலையில் பெய்த மழை கீழே வந்துவிடும். தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியுமாக வந்தால் பையைக்கூட எடுக்க நிற்காமல் கரையேறு. பாசிப் பாறையில் ரப்பர் செருப்பு போடாதே.

மார்த்தாண்டம் பையன்:
பட்டியலில் பெயர் இல்லை அண்ணாச்சி! பிலிப்பைன்ஸ்காரர்கள் மூன்று பேரும் கூட வருகிறார்கள். அக்கா, ஷூ போட்டே போகிறேன். அப்பா அருவி, அம்மா அருவி கதையை வீட்டில் சொன்னேன். "எது உயரம்?" என்றாள் அம்மா. சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.