ப்ளெண்டர் ரெண்டர்: ஈஎக்ஸ்ஆரில் ஒரு நிறம், பிஎன்ஜியில் வேறு நிறம்

கேள்வி:
3டி மென்பொருளான ப்ளெண்டர் 4.2இல் ஒரே ரெண்டரை (காட்சியைக் கணக்கிட்டு எடுத்த படத்தை) 16 பிட் பிஎன்ஜியாகவும் (PNG) 32 பிட் ஈஎக்ஸ்ஆராகவும் (EXR) சேமித்திருக்கிறேன். படத்தைத் திருத்தும் கிம்ப் 2.10இல் பிஎன்ஜி சரியாக வருகிறது. ஈஎக்ஸ்ஆரிலோ விளக்கைச் சுற்றி எல்லாம் வெளுத்துவிடுகிறது, நிறங்களும் அடிக்கின்றன. வரையும் மென்பொருளான க்ரிட்டாவிலும் அதே கதை. பிட் கூடினால் நிறம் மாறுமா, இல்லை மானிட்டர் புரொஃபைல் (திரை நிறங்களை எப்படிக் காட்டும் என்று சொல்லும் கோப்பு) கோளாறா?

பதில் 1:
இரண்டும் இல்லை. புரொஃபைல் தப்பென்றால் பிஎன்ஜியும் சேர்ந்தே கெட்டிருக்கும்.

ப்ளெண்டர் 4.0 முதல் வியூ டிரான்ஸ்ஃபார்மில் (ஒளியின் அளவைத் திரை நிறமாக மாற்றும் அமைப்பில்) தானாக இருப்பது ஏஜிஎக்ஸ் (AgX) என்ற வளைவு. பிஎன்ஜியாகச் சேமித்தால் அந்த வளைவு பிக்சலிலேயே ஏறிவிடும். ஈஎக்ஸ்ஆரில் ஏறாது, ஒளியின் அளவு லீனியராக (ஒளிக்கு நேர் விகிதமான எண்ணாக) அப்படியே போகும். கிம்ப் அதற்குத் திரைகளின் வழக்கமான எஸ்ஆர்ஜிபி (sRGB) வளைவை மட்டும் போட்டுக் காட்டும், 1.0க்கு மேலே உள்ளது திரையில் வெட்டுப்படும். கோப்புக்குள் அது பத்திரமாகத்தான் இருக்கிறது.

சோதிக்க: ஒரு பிளேனுக்கு (தட்டையான பரப்புக்கு) தானே ஒளிரவைக்கும் எமிஷன் ஷேடர், ஸ்ட்ரெங்த் 1, ஆர்ஜிபி மூன்றும் 0.18. பக்கத்தில் இன்னொன்று, வெள்ளை, ஸ்ட்ரெங்த் 4. வியூ டிரான்ஸ்ஃபார்மை ஸ்டாண்டர்டுக்கு (எஸ்ஆர்ஜிபி வளைவு மட்டும்) மாற்றி 8 பிட் பிஎன்ஜி எடுங்கள். 0 முதல் 255 வரையிலான அளவில் முதலாவது 118, இரண்டாவது 255 வர வேண்டும். ஈஎக்ஸ்ஆரில் அவை 0.18, 4.0 என்றே இருக்கும். ஆனாலும் திரையில் இரண்டு கோப்பும் ஒன்றுபோலவே தெரியும்.

பதில் 2:
மேலே வரைவதுதான் வேலை என்றால் 16 பிட் பிஎன்ஜியே போதும், ஏஜிஎக்ஸ் தோற்றம் அதிலேயே இருக்கிறது. காம்போசிட்டிங் (பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பது) என்றால் ஈஎக்ஸ்ஆர். ஏஜிஎக்ஸை ப்ளெண்டரில் கடைசியாகப் போடுங்கள்.

நிறம் பொருந்தினாலும் பிரஷ் ஓரம் பொருந்தாது, அதையும் கவனியுங்கள். கருப்பின் மேல் 50% வெள்ளை வைத்தால், லீனியரில் கலக்கும்போது 188, எஸ்ஆர்ஜிபி வளைவில் கலக்கும்போது 128. அதனால்தான் ஒரே மென்மையான பிரஷ் ஓரிடத்தில் தடித்தும் இன்னோரிடத்தில் மெலிந்தும் விழுகிறது.

படத்தின் நிறப் புரொஃபைலைத் தொட்டால் ‘கன்வர்ட்’ (தோற்றம் மாறாமல் எண்களை மாற்றுவது) மட்டும் பயன்படுத்துங்கள். ‘அசைன்’ செய்தால் எண்கள் அப்படியே இருக்க, தோற்றம் மாறிவிடும்.

பதில் 3:
ஒரு எச்சரிக்கை: லீனியர் படத்தை லீனியராகவே 8 பிட்டுக்கு இறக்காதீர்கள். லீனியரில் 0க்கு அடுத்த படி, எஸ்ஆர்ஜிபி கணக்கில் ஏறக்குறைய 13. நடுவில் இருக்க வேண்டிய 12 படிகள் காணாமல் போவதால் நிழலில் பட்டை பட்டையாகத் தெரியும். முதலில் எஸ்ஆர்ஜிபி வளைவுக்கு மாற்றுங்கள், பிறகு பிட்டைக் குறையுங்கள்.

கேட்டவர்:
118, 255 இரண்டும் வந்தன. ஸ்டாண்டர்டில் கோப்புகள் பொருந்துகின்றன. விளக்கொளி ஏஜிஎக்ஸில்தான் நன்றாக இருப்பதால் பிஎன்ஜியிலேயே வரைகிறேன்.