ஐஎக்ஸ்1 லாங் வீல்பேஸா, இக்யூஏவா? ஓட்டிப் பாத்தவங்க அனுபவத்த சொல்லுங்க

பெருங்குடிக்காரன்:
இந்த ரெண்டு எலக்ட்ரிக் கார்ல எத வாங்கறதுன்னு ஒரு மாசமா இதே வேலையாத் திரிஞ்சு ஒருவழியா போன வாரம் புக் பண்ணியாச்சு. எது புக் பண்ணேன்னு கடைசில சொல்றேன், மொதல்ல கூத்த கேளுங்க.

எட்டு வருஷமா ஓட்டுன டீசல் வண்டிய மாத்தணும். டெய்லி ஓஎம்ஆர்ல போக வர 40 கிலோமீட்டர், மாசத்துக்கு ரெண்டு தடவ கும்பகோணம், அங்க தான் அப்பா அம்மா இருக்காங்க. அப்பாவுக்கு ரெண்டு முட்டியும் ஆபரேஷன் ஆனது. பெட்ரோல் எக்ஸ்1 தான் மொதல்ல மனசுல இருந்துச்சு, ஆனா நம்ம ஊர்ல 20 லட்சத்துக்கு மேல போற பெட்ரோல் காருக்கு லைஃப் டாக்ஸ் 20 சதவீதம், 50 லட்சம் வண்டின்னா பத்து லட்சம் ஆர்டிஓ ஆபீஸ்லயே போயிடும். எலக்ட்ரிக்குக்கு இப்போதைக்கு அது இல்ல, ஜிஎஸ்டியும் 5 தான். இந்தக் கணக்க பேப்பர்ல போட்டுப் பாத்த அன்னிக்கே பெட்ரோல் ஆச போயிடுச்சு.

மிச்சம் நின்னது ரெண்டு. பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ்1 லாங் வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல தூரம் கூடுன மாடல்), 2025 ஜனவரில 49 லட்சத்துக்கு வந்தது, நம்ம சிங்கபெருமாள்கோயில் பக்கத்து ஃபேக்டரிலயே பண்றாங்க. இன்னொன்னு மெர்சிடிஸ் இக்யூஏ 250 பிளஸ், 2024 ஜூலைல வந்தப்பவே 66 லட்சம், ஏன்னா முழுசா இறக்குமதி. 17 லட்சம் வித்தியாசம் இருக்கே, இத எதுக்கு கம்பேர் பண்றன்னு கேப்பீங்க. பென்ஸ்ங்க! கும்பகோணத்துல எங்க தெருவுல நின்னா அந்த நட்சத்திரத்துக்கு உள்ள மரியாதையே வேற, இத ஒத்துக்கறதுல எனக்கு வெக்கம் இல்ல.

ரேஞ்ச் விஷயத்துல, அதாவது ஒரு ஃபுல் சார்ஜ்ல எவ்ளோ தூரம் ஓடும்ங்கறதுல, நல்லா ஏமாந்திருப்பேன். ஐஎக்ஸ்1 531 கிலோமீட்டர், இக்யூஏ 560, 29 கிலோமீட்டர் தானேன்னு நெனச்சுட்டு இருந்தேன். ரெண்டு ப்ரோஷரையும் பக்கத்துல வெச்சுப் படிச்சா தான் தெரியுது, 531ங்கறது எம்ஐடிசி, இந்தியா டெஸ்ட், அதுல ஸ்பீடு 90ஐ தாண்டாது. 560 டபிள்யூஎல்டிபி, அது 131 வரைக்கும் ஓட்டிப் பாக்கற டெஸ்ட். மொழத்துல அளந்ததையும் மீட்டர்ல அளந்ததையும் ஒண்ணா வெச்சுப் பாத்த கதை. பேட்டரி சைஸ பாருங்க, அது பொய் சொல்லாது: 66.4ம் 70.5ம், ஈபி பாஷைல யூனிட். ஏசி போட்டு ஹைவேல 100ல போனா யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர்னு வெச்சுக்கிட்டேன், ஒண்ணு 400 கிட்ட, இன்னொன்னு 420. கும்பகோணம் போக ரெண்டுமே தாராளம், ஆனா அங்க சார்ஜ் போடாம திரும்பி வர ரெண்டாலயும் முடியாது.

டெஸ்ட் டிரைவ் கொடுமைய சொல்றேன். ரெண்டுல ஒரு ஷோரூம்ல (எதுன்னு சொல்ல மாட்டேன்) வண்டில 18 சதவீதம் சார்ஜோட நிறுத்தி வெச்சுட்டு, சார் மூணு கிலோமீட்டர் ஒரு ரவுண்டு போலாம்னான் பையன். அம்பது அறுபது லட்சம் குடுத்து வாங்கறவன் மூணு கிலோமீட்டர்ல என்னத்தய்யா பாக்கறது? சார்ஜ் போட்டு வை, ஞாயித்துக்கெழம காலைல வரேன், வீட்டு ஆளுங்களோட வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அப்பா செக்கப்புக்கு வந்திருந்தாரு, அவரையும் கூட்டிட்டுப் போனேன், அதான் இந்த ஒரு மாசத்துல நான் செஞ்ச ஒரே புத்திசாலித்தனம்.

ஓட்டறதுக்கு எனக்கு இக்யூஏ தான் பிடிச்சுது. ஆக்சிலரேட்டர் தொட்டா நெளியாம இழுக்குது, டார்க் (இழுவை விசை) 385, ஐஎக்ஸ்1ல 250 தான். ஆனா பேப்பர்ல நூறு தொட ரெண்டுக்கும் அதே 8.6 செகண்ட், அதனால பந்தயக் கணக்கு வேண்டாம். ஆக்சிலரேட்டர்ல கால எடுத்தா மோட்டாரே வண்டிய பிடிச்சு பேட்டரிக்கு கரண்ட் ஏத்தும், அது எவ்ளோ பிடிக்கணும்னு ஸ்டீரிங் பின்னாடி இருக்கற பேடில்ல மாத்திக்கலாம், துரைப்பாக்கம் சிக்னல் வரிசைல பிரேக் பெடல மிதிக்கவே இல்ல. நான் சிரிச்சுக்கிட்டே ஓட்டிட்டு இருக்கேன், பின்னாடியிருந்து அப்பா, "தம்பி, முட்டி வயித்துக்கு வருதுடா".

இதுக்கு வண்டிய குத்தம் சொல்ல முடியாது. பேட்டரி காலுக்கு அடில படுத்திருக்கு, தரை ஒசந்துடுது, சீட்ட அதே அளவு ஒசத்துனா தல கூரைல இடிக்கும். பெட்ரோல் வண்டி மேடைலயே எலக்ட்ரிக்கும் பண்ற எல்லாருக்கும் இந்தத் தலவலி உண்டு, ஐஎக்ஸ்1லயும் தரை ஒசரம் தான். ஆனா அதுல வீல்பேஸ் 2800 மில்லிமீட்டர், இக்யூஏல 2729. ஏழு சென்டிமீட்டர்ல என்ன வந்துடப் போகுதுன்னு நானும் தான் நெனச்சேன். ஐஎக்ஸ்1 பின் சீட்ல அப்பா கால முன்னால நீட்டிட்டாரு, தொட சீட்ல படிஞ்சுடுச்சு, சீட் முதுகும் 28.5 டிகிரி வரைக்கும் சாயுது. ஏறி இறங்கறப்ப கதவ பிடிச்சுக்கிட்டு ஒரு தடவ நின்னாரு, அவ்ளோ தான். "இது போதும்டா"ன்னாரு. அவரு வாயால போதும்னு கேக்கறது எங்க வீட்ல அபூர்வம்.

அப்பறம் என்ன, ஐஎக்ஸ்1. நட்சத்திரத்த நெனச்சா இன்னும் லேசா வயிறு எரியுது.

சார்ஜ் பண்ற வேகத்துல இது 130 கிலோவாட், அது 100னு சண்ட போடறவங்க ஒரு தடவ ஹைவேல நின்னு பாத்துட்டு வாங்க. அனேக இடத்துல 60 கிலோவாட் மெஷின், ரெண்டு வண்டி சொருகுனா பாதி பாதி, அதுல 130 என்ன 300 என்ன. எனக்கு இப்ப பெரிய பாடு அபார்ட்மெண்ட் அசோசியேஷன் தான், பார்க்கிங்ல தனி ஈபி மீட்டர் வைக்க என்ஓசி (ஆட்சேபனை இல்லன்னு லெட்டர்) கேட்டா "ஒருத்தருக்கு குடுத்தா எல்லாரும் கேப்பாங்க"ன்றாங்க. எல்லாரும் கேக்கட்டுமே சார்!

கோவை தம்பி:
அண்ணா நான் நேர் எதிரா இக்யூஏ எடுத்தவன். வீட்ல நானும் அவங்களும் மட்டும் தான், பின் சீட்ல பெரும்பாலும் காய்கறிப்பை உக்காந்து வரும். உங்க அப்பா மாதிரி ஆள் இருந்தா நானும் யோசிச்சிருப்பேனுங்க. பேடில் விஷயத்துல ஒண்ணு சொல்றேன். ஊட்டில தங்குன எடத்துல சார்ஜர் இருந்துச்சு, ஓசின்னதும் 100 ரொப்பிட்டு காலைல கெளம்பிட்டேன். குன்னூர் தாண்டி எறங்கறேன், பேடில எவ்ளோ தட்டுனாலும் வண்டி பிடிக்கவே இல்ல, பகீர்னு ஆயிடுச்சு. அப்பறம் தான் வெளங்குச்சு, பேட்டரி ரொம்பி வழியுது, எறக்கத்துல வர்ற கரண்ட எங்க கொண்டு போய் வைக்கும்? சாதா பிரேக் நல்லா பிடிக்கும், அதுல பயமில்ல. இப்பல்லாம் மலைல 80 சதவீதத்துக்கு மேல சார்ஜ் போடறதில்ல, மேட்டுப்பாளையம் வர்றப்ப கெளம்புன சார்ஜ்ல பெருசா கொறையாம இருக்கும்.

மடிப்பாக்கம் மணி:
//தனி ஈபி மீட்டர்// எங்க அசோசியேஷன்ல ஒன்றர வருஷம் இழுத்தாங்க. அது வரைக்கும் 15 ஆம்ப் பிளக் தான், ஒரு ராத்திரி போட்டா 30 சதவீதம் ஏறும். டெய்லி 40 கிலோமீட்டர்க்கு அதுவே மிச்சம் ப்ரோ. 11 கிலோவாட் சார்ஜர் வேணும்னா த்ரீ ஃபேஸ் கேளுங்க, சிங்கிள் ஃபேஸ்ல அந்த வேகம் வராது.

வேளச்சேரி அக்கா:
பெருங்குடின்னு சொன்னதால எழுதறேன் தம்பி, மழைக்கு தண்ணி நிக்கற பள்ளிக்கரணை பக்கம் இருக்கறவங்க யாருமே இத கேக்க மாட்டேங்கறாங்க. இன்சூரன்ஸ் எடுக்கறப்ப ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காம குடுக்கறது)ன்னு சொன்னதும் தலையாட்டிடாதீங்க, பேட்டரிக்குள்ள தண்ணி போனா குடுப்பாங்களா, அதுக்கு தனி ஆட் ஆன் போடணுமான்னு பாலிசில எழுத்துல காட்டச் சொல்லுங்க. 2023 மிக்ஜாம் புயல்ல எங்க பேஸ்மெண்ட்ல இடுப்பளவு தண்ணி, அப்ப பழைய பெட்ரோல் வண்டி, போச்சு. அதனால 2024 அக்டோபர் மழைக்கு ரெட் அலர்ட்னதும் எலக்ட்ரிக்க கொண்டு போய் மேம்பாலத்துல எல்லாரோட சேத்து நிறுத்திட்டேன். ரெண்டு நாள் வீட்ல உக்காந்து போன்ல சார்ஜ் எவ்ளோ இருக்குன்னு பாத்துட்டே இருந்தேன், ஒரு சதவீதம் தான் கொறஞ்சுது.

பெருங்குடிக்காரன்:
அக்கா கோடி நன்றி, நாளைக்கே ஏஜென்ட புடிக்கறேன். மணி, அந்த என்ஓசி லெட்டர் காப்பி இருந்தா இன்பாக்ஸ்ல போடுங்க, செக்ரட்டரி மூஞ்சில காட்டணும். இன்னிக்கு காலைல அப்பா போன் பண்ணி வண்டி எப்ப வருதுன்னு கேட்டாரு, இது மூணாவது தடவ.