கண்ணகி கதையைப் பேச்சே இல்லாமல் ஆடினால் எடுபடுமா?

வைகைக்கரையான்:
நடன அமைப்பாளர் கேத்தி மார்ஸ்டன் 2020-இல் லண்டன் ராயல் பாலே குழுவுக்காக அமைத்த 'த செல்லிஸ்ட்' என்ற பேச்சில்லா நடனம் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? நோயால் வாசிப்பையே விட நேர்ந்த செல்லோ இசைக்கலைஞர் ஜாக்குலின் டு ப்ரேயின் வாழ்க்கை. அதில் செல்லோ என்ற அந்த நரம்பு வாத்தியமாகவே வருவது ஓர் ஆண் நடனக் கலைஞர். இதே பாணியில் கண்ணகியைத் தமுக்கத்தில் ஏற்றினால் என்ன? சிலம்பாக ஒருவர் ஆடட்டும்.

மாசிவீதிக்காரன்:
அண்ணே, புகாரில் அளந்து பேசியவள் மதுரைக்கு வந்துதான் 'தேரா மன்னா' என்று வாயைத் திறந்தாள். அந்த வாயையும் அடைக்கப் போகிறீர்களா? வள்ளி திருமணத்தில் விடிய விடிய தர்க்கம் கேட்கிற ஊர் இது. இசைக்கலைஞர் கதைக்குப் பேச்சு வேண்டாம், சரி. வழக்காடியவள் கதைக்கு?

வைகைக்கரையான்:
வழக்கை முடித்தது பேச்சா தம்பி? என் சிலம்பில் முத்து என்றான் பாண்டியன், என்னுடையதில் மாணிக்கம் என்றாள் அவள். அதுவரை வெறும் வாய்ச்சொல். உடைத்ததும் பரல் தெறித்து அரசன் வாயருகே பட்டதே, அதுதான் தீர்ப்பு. அது ஆட்டத்துக்கென்றே எழுதின இடம்.

மாசிவீதிக்காரன்:
முத்து என்று அவன் சொன்னதே காதில் விழாவிட்டால், மாணிக்கம் தெறித்தால் என்ன, கூழாங்கல் தெறித்தால் என்ன?

கூடல்வாசகி:
எனக்கு வேறு கேள்வி. கதை யார் வழியாக வரும்? மார்ஸ்டனின் 'விக்டோரியா' (2019) அரசியின் நாட்குறிப்பைத் திருத்தி எழுதி, மூலத்தை எரித்த மகள் பியாட்ரிஸ் வழியாக நகர்கிறது. நமக்கு மதுரையின் காவல் தெய்வம் மதுராபதி இருக்கிறாள். கண்ணகிக்கு முன்னால் வராமல் பின்னால் வந்து நின்று பேசுகிறவள். ஆட்டம் முழுக்க முன்னால் வராத ஒருத்தி, அவள் நிழல் மட்டும் கண்ணகி மேல் விழுகிறது என்று வையுங்கள். ஆனால் அவள் சொல்கிற கோவலனின் முற்பிறவிக் கதையை வெட்டிவிடுவேன்.

மாசிவீதிக்காரன்:
அக்கா, ஊழ்வினை, நூலின் முன்னுரையான பதிகத்திலேயே சொன்ன மூன்று உண்மைகளில் ஒன்று. அதை வெட்டினால் அது சிலப்பதிகாரமா?

கூடல்வாசகி:
கோவலனைக் கொன்றது அரசன் ஆணை. பழியைப் போன பிறவியில் போட்டால் அவள் கேட்ட நியாயத்துக்கு என்ன மதிப்பு தம்பி? பாடத்தில் இருக்கட்டும், மேடையில் வேண்டாம்.

வைகைக்கரையான்:
வெட்டுவதில் எனக்கும் பாதி சம்மதம். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: மதுரை எரிகிற காட்சிக்குச் சிவப்புத் துணியை ஆட்டக்கூடாது. பள்ளி ஆண்டுவிழாக்களில் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.