பையர் மெயிலில் வரும் கப்பல், தூண்டில் பேச்சு: எது நிஜம், எது பேச்சுவழக்கு?

மண்டபம் நண்டு கேட்டது:

மண்டபத்தில் நண்டு, கணவாய் ஏற்றுமதி. பையர்கள் (சரக்கு வாங்குபவர்கள்) மெயிலைப் பேச்சுவழக்கு ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள். நாமும் கடல் தொழில் என்பதால் எது நிஜக் கப்பல், எது பேச்சுக்குச் சொன்னது என்று பிரிக்க முடியவில்லை. இந்த வாரம் வந்தவை:

"தட் ஷிப் ஹாஸ் செயில்ட்" (விலையைக் கூட்டிக் கேட்டதற்குப் பதில்)
"யூ ஆர் ஆன் தி ஹூக் ஃபார் தி டெமரேஜ்"
"தி அதர் சப்ளையர் லெஃப்ட் அஸ் ஹை அண்ட் ட்ரை"
"கிவ் தட் ஏஜென்ட் எ வைட் பெர்த்"

சொல் சொல்லாக அகராதி பார்த்தும் பிடிபடவில்லை.

கீழக்கரை காக்கா:

முதலில் இரண்டாவது வரியைப் பாருங்க தம்பி, அதில்தான் பணம் இருக்கு. "ஆன் தி ஹூக் ஃபார்" என்றால் அந்தத் தொகை உங்கள் தலையில். கன்டெய்னர் கெடு தாண்டிக் கிடந்ததற்கான டெமரேஜை நீங்கதான் கட்டணும் என்கிறார். ஒப்புதல் இல்லையென்றால் இன்றைக்கே மறுத்து எழுதுங்க. பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்.

"ஆஃப் தி ஹூக்" இதற்கு எதிர் என்று மட்டும் மனப்பாடம் செய்யாதீங்க. முன்னால் என்ன வினை நிற்கிறது என்று பாருங்க. "லெட்" அல்லது "கெட்" வந்தால் பொறுப்பிலிருந்து விடுபட்டது. "ரிங்கிங்" வந்தால் போன் ஓயாமல் அடிக்கிறது. அந்த ஹூக் பழைய போனில் ரிசீவரை மாட்டும் கொக்கி, தூண்டில் முள் இல்லை. "தி பார்ட்டி வாஸ் ஆஃப் தி ஹூக்" என்றால் விருந்து பிரமாதம், இளவட்டங்கள் பேச்சு. மூன்றிலும் ஹூக் என்ற சொல் ஒன்றுதான், பொருள் வேறு. பெரிய சொல்லைத் துரத்தினால் வழி தப்பும், பக்கத்தில் நிற்கும் சின்னச் சொல்தான் காட்டிக்கொடுக்கும்.

அகராதியிலும் அப்படித்தான். மாணவர் அகராதியில் "ஹூக்" பதிவின் கடைசியில் மரபுத்தொடர்களுக்குத் தனிப் பகுதி இருக்கும், அங்கே முழுத் தொடரையும் தேடுங்க. "இன்ஃபார்மல்" என்று குறித்திருந்தால் ஒப்பந்தத்தில் எழுதாதீங்க.

பாம்பன் வத்தை:

"தட் ஷிப் ஹாஸ் செயில்ட்": காலம் கடந்துவிட்டது, இனி விலை பேச இடமில்லை. சரக்கு கிளம்பிவிட்டது என்று படித்துக் கணக்குப் பிரிவுக்குச் சொல்லிவிட்டால் பெரிய சிக்கல். நிஜக் கப்பல் என்றால் பெரும்பாலும் "வெசல்" என்று எழுதி, கூடவே கப்பல் பெயர், புறப்பட்ட தேதி, பில் ஆஃப் லேடிங் (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீது) எண் இவற்றில் ஏதாவது ஒன்றைத் தருவார்கள். ஒன்றுமே இல்லாமல் வெறும் "தட் ஷிப்" என்று வந்து, மேலே நீங்கள் கேட்டது கப்பலைப் பற்றியும் இல்லையென்றால் அது பேச்சுவழக்குத்தான்.

"மிஸ் தி போட்" இதற்குப் பக்கத்தில் வரும். ஆனால் அதில் வாய்ப்பைத் தவறவிட்டவர் மேல் குறை இருக்கும். இதில் யார் மேலும் குறை இல்லை, கதவு மூடியாயிற்று, அவ்வளவுதான்.

பெர்த் என்றதும் நமக்கு ரயில்தான் நினைவுக்கு வரும். இங்கே அது கப்பலுக்கு விடும் இடைவெளி. நங்கூரம் போட்ட வத்தை ஒரே இடத்தில் நிற்காது. காற்று மாறினால், நீவாடு (கடல் நீரோட்டம்) திரும்பினால், கயிற்றின் நீளத்துக்கு வட்டம் போடும். அந்த வட்டத்துக்குள் இன்னொரு படகை விட்டால் மோதும், வெளியே தள்ளித்தான் போகணும். ஆக, அந்த ஏஜென்டை விட்டு நன்றாக ஒதுங்கியிருங்கள் என்கிறார்.

"ஹை அண்ட் ட்ரை" கருவாட்டுத் தரம் இல்லை. நீர் வற்றியதும் தரைதட்டி மேலே நிற்கும் படகு. நம்பியிருந்த நேரத்தில் அந்த சப்ளையர் கைவிட்டுவிட்டார் என்று பொருள்.

தொண்டிக்கரை:

திருப்பி எழுதும்போதும் கவனம் வேண்டும். "அவர் போட்ஸ் ஆர் அட் சீ" என்றால் படகுகள் கடலில் இருக்கின்றன. "வீ ஆர் ஆல் அட் சீ" என்று எழுதினால் "ஒன்றும் புரியாமல் தவிக்கிறோம்" என்று படிப்பார்கள். நடுவில் "ஆல்" நுழைந்ததும் பொருள் புரண்டுவிடுகிறது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 14-க்குப் பிறகு படகுகள் கடலுக்குப் போகும்போது இந்த வரியை எழுதத் தோன்றும், "போட்ஸ்" என்பதை விட்டுவிடாதீங்க.

"இன் தி சேம் போட்": இருவருக்கும் ஒரே கஷ்டம். இதை "ஒரே குட்டையில் ஊறிய மட்டை" என்று மொழிபெயர்ப்பது தப்பு. அது குணத்தைத் திட்டுவது, இது நிலைமையைப் பகிர்வது.

"ரெட் ஹெரிங்" என்று வந்தால் நம்ம சூடைக்கு உறவான மீனைக் கேட்கிறார் என்று விலைப்பட்டியல் அனுப்பிவிடாதீங்க. விஷயத்தைத் திசைதிருப்பும் பேச்சு என்று பொருள்.

மண்டபம் நண்டு:

நன்றி. டெமரேஜுக்கு மறுப்பு எழுதிவிட்டேன். காக்கா, இப்போது "தி க்ளியரன்ஸ் இஸ் டச் அண்ட் கோ" என்று வந்திருக்கிறது. சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதானே?

கீழக்கரை காக்கா:

இல்லை தம்பி. சரக்கு விடுவிப்பு ஆகவும் ஆகலாம், ஆகாமலும் போகலாம், இழுபறி என்கிறார். எந்தத் தாள் குறைகிறது என்று உடனே கேளுங்க. பதில் வரும்வரை அடுத்த கன்டெய்னரை ஏற்ற வேண்டாம்.