எத்ருஸ்கன் அகழாய்வுக் களத்தில் ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்?

ரோஸ்ஹில் மாணவன்:
எல்லாருக்கும் வணக்கம். ஜூலையில் இத்தாலியின் தொஸ்கானாவில் நான்கு வாரக் களப்பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. கல்லறைகள் இல்லை, ரோமர்களுக்கு முன்பே நடு இத்தாலியில் செழித்த எத்ருஸ்கன் மக்களின் கி.மு. 7, 6ஆம் நூற்றாண்டுக் குடியிருப்பு. இங்கே மொரீஷியஸில் பழைய சர்க்கரை ஆலை இடிபாடுகளில் வேலை செய்த பழக்கம் மட்டும் உண்டு. அங்கே சுவரெல்லாம் கருங்கல், கண்ணுக்கு நேராகத் தெரியும். எத்ருஸ்கன் களத்தில் ஒரு நாள் எப்படிப் போகும்? எந்தக் கருவியைக் கையோடு கொண்டுபோவது? புதியவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

சென்பியேர் மண்வெட்டி:
தம்பி, அந்தக் கருங்கல் சுவரை மறந்துவிட்டுப் போங்கள். எத்ருஸ்கன் வீட்டில் கல் என்பது பெரும்பாலும் அடித்தளத்தில் ஒன்றிரண்டு வரிசைதான். அதற்கு மேலே பச்சைச் செங்கல்லோ, மூங்கில் தட்டிபோலப் பின்னி மண் பூசிய சுவரோ. கூரை மட்டும் சுட்ட ஓடு, நல்ல கனம். வீடு விழுந்தால் சுவர் கரைந்து மறுபடி மண்ணாகிவிடும், ஓடு அப்படியே கிடக்கும். ஆகவே சுவரைத் தேடுவது என்றால் இலேசான நிற மாற்றத்தையும், கொத்தனார் கரண்டிக்கு அடியில் மண் இறுகுவதையும் தேடுவதுதான்.

வேலை பெரும்பாலும் காலை 7 மணிக்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஒரு காரணம்: நமக்குக் குளிர்காலமான ஜூலையில் அங்கே 35 டிகிரி சாதாரணம். இன்னொரு காரணம் மண். இரவின் ஈரம் இருக்கும்வரை அடுக்குகளின் எல்லை தெரியும். 11 மணிக்குக் களிமண் வெளுத்துப்போய் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். அப்போது தோட்டத்துத் தெளிப்பானால் மெல்லிய தூறலாகத் தண்ணீர் அடித்து, இரண்டு நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். படம் எடுப்பதும் காலையிலேயே. பாதி வெயில், பாதி நிழல் விழுந்த படம் எதற்கும் உதவாது. குழி முழுவதும் நிழலாகும்படி துணி பிடியுங்கள்.

உழவு பட்ட மேல்மண்ணுக்குக் கடப்பாரையும் மண்வெட்டியும். அதற்குக் கீழே கரண்டிதான். 4 அங்குலக் கொத்தனார் கரண்டி, அலகும் தண்டும் ஒரே இரும்பாக அடித்தது வேண்டும். ஆணி அடித்து ஒட்டியது காய்ந்த களிமண்ணில் சீக்கிரமே கழன்றுவிடும். விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், பிடுங்கிக்கொள்வார்கள். அலகைச் சாய்த்துப் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். பின்னால் நகர்ந்துகொண்டே சுத்தம் செய்தால் சுத்தம் செய்த இடத்தில் முழங்கால் படாது.

புதியவர்கள் வழுக்குவது பெரும்பாலும் எண்ணிடுவதில். இத்தாலியில் ஒவ்வொரு மண் அடுக்குக்கும் தனி எண்ணும், விவரம் எழுதத் தனித் தாளும் உண்டு. பழங்காலத்தில் யாரோ ஒரு பள்ளம் வெட்டியிருந்தால், வெட்டிய செயலுக்கு ஓர் எண், அதை நிரப்பிய மண்ணுக்கு இன்னோர் எண். கடைசியாக வந்ததை முதலில் எடுக்க வேண்டும். பள்ளத்தின் விளிம்பைப் பார்க்காமல் நேராக இறங்கினால் 6ஆம் நூற்றாண்டுத் தரையின் பானை ஓடும் பின்னால் வெட்டிய பள்ளத்தின் பானை ஓடும் ஒரே பையில் விழும். பிறகு எந்த ஆய்வுக்கூடமும் அதைப் பிரித்துத் தராது. முள்ளம்பன்றி வளையும் கல்லறைத் திருடர் தோண்டிய குழியும் இதே வேலையைத்தான் செய்யும். அடியில் பிளாஸ்டிக் துண்டு வந்தால் உடனே நிறுத்திப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

டர்பன் பானையோடு:
மேலே அண்ணன் சொன்னதோடு கூரை ஓடுகளைப் பற்றிச் சேர்க்கிறேன், ஏனென்றால் அங்கே உங்கள் கையில் அதிகம் வரப்போவது அதுதான். விளிம்பு உயர்ந்த தட்டையான ஓடு தெகுலா. அவற்றின் இணைப்பை மூடும் வளைந்த ஓடு இம்ப்ரெக்ஸ். இடிந்த கூரை தென்பட்டால் ஒன்றைக்கூட உருவக் கூடாது. முழுப்பரப்பையும் திறந்து, துடைத்து, படமெடுத்து, 1:20 அளவில் வரைந்து, உயர மட்டம் எடுத்த பிறகே தூக்க வேண்டும். மேல்முகம் கீழே கிடக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் குறியுங்கள்; கூரை எந்தப் பக்கம் சரிந்தது என்பதைச் சொல்வது அதுதான். தூக்கியதும் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தொஸ்கானாவில் உள்ள போஜோ சிவித்தாத்தே என்ற எத்ருஸ்கன் களத்தில் ஓடு சுடும் பட்டறை தீப்பிடித்தபோது, காயப் போட்டிருந்த பச்சை ஓடுகளை மிதித்து ஓடியவர்களின் பாதத்தடம் ஓட்டிலேயே பதிந்து கிடைத்திருக்கிறது. அந்த ஓடுகளை யாராவது அவசரமாக வாளியில் கொட்டியிருந்தால் அந்த மனிதர்கள் நமக்கு இல்லை.

பிற்பகல் கழுவும் வேலை. புக்கெரோ என்ற கறுப்புப் பானை, காற்று புகாத சூளையில் சுட்டதால் உள்ளும் புறமும் கறுப்பு. அதன் பளபளப்பான மேல்தோல் செதிலாக உரியும். மென்மையான பல்துலக்கியால் முதலில் உடைந்த விளிம்பு, பிறகு முகம், காயவைப்பது நிழலில். வண்ணம் பூசிய சுடுமண்ணைத் தண்ணீரில் போடவே கூடாது. வெண்கலமும் இரும்பும் அப்படியே, மண்ணோடு, பழம்பொருள்களைச் சிதையாமல் பேணும் நிபுணரிடம் போக வேண்டும். பைக்கு இரண்டு சீட்டு: ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. வெளியே இருப்பது வெயிலில் அழியும், உள்ளே இருப்பது ஈரத்தில் ஊறும். இரண்டும் ஒருசேரப் போவது அபூர்வம்.

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். இத்தாலிய மண்ணில் கிடைப்பதெல்லாம் அரசுக்குச் சொந்தம். கட்டைவிரல் அளவு ஓட்டுத் துண்டும் நினைவுப்பொருள் ஆகாது.

ரோஸ்ஹில் மாணவன்:
மிக்க நன்றி அண்ணா, அக்கா. ஒரு சந்தேகம். எரிந்த கரித்துண்டு கிடைத்தால் கார்பன் 14 சோதனையில் ஆண்டு தெரிந்துவிடுமே, பானையோட்டை இவ்வளவு நம்ப வேண்டுமா?

கத்ர்போர்ன் ஆசிரியை:
தம்பி, இந்தக் காலத்துக்கு மட்டும் அது சரிவராது. கார்பன் சோதனை எண்ணை ஆண்டாக மாற்றும் அளவீட்டுக் கோடு கி.மு. 800 முதல் 400 வரை ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. ஹால்ஸ்டாட் சமவெளி என்பார்கள். 750ஐச் சேர்ந்த கரியும் 450ஐச் சேர்ந்த கரியும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தரும். எத்ருஸ்கன்களின் செழிப்பான காலம் முழுக்க அதற்குள் அகப்பட்டிருக்கிறது. ஆகவே புக்கெரோவின் வடிவமும், இறக்குமதியான கொரிந்து, ஏதென்ஸ் பானைகளுமே 25, 30 ஆண்டு நெருக்கத்தில் காலம் சொல்லும். இரண்டு விரல் அளவு விளிம்புத் துண்டு உங்கள் தரைக்கு வயது சொல்லலாம்.

கரியை எடுப்பதை நிறுத்த வேண்டாம், மரத்தின் இனம் அதில் தெரியும். கைபடாமல் கரண்டி முனையால் எடுத்து அலுமினியத் தாளில் சுற்றுங்கள். பழங்கால விதைகளைப் பிரித்தெடுக்க அடுக்கு மண்ணிலிருந்து 20 லிட்டராவது அள்ளித் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். தொஸ்கானாக் களிமண் கட்டியாகவே நிற்கும். முந்தின இரவே சமையல் சோடா கலந்து ஊறப்போட்டால்தான் கரையும். கையால் பிசைந்தால் விதை நசுங்கிவிடும்.

உயரம் அளக்கும் மட்டக்கோலைப் பிடிக்கச் சொன்னால் செங்குத்தாகப் பிடியுங்கள், வேலை முடிந்ததும் தொடங்கிய நிலைப்புள்ளியை (உயரம் தெரிந்த குறியை) மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றைய அளவுகளைத் திரும்ப எடுக்க வேண்டும். புறப்படும் முன் டெட்டனஸ் ஊசி. அங்கே புல்லில் உண்ணி உண்டு, முழுக்கால் சட்டை போடுங்கள். மொரீஷியஸ் கடவுச்சீட்டுக்கு 180 நாளில் 90 நாள் வரை விசா வேண்டாம். பயிற்சிக் கடிதத்தை மட்டும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.