948 சிசி மொரிஸ் மைனர் காருக்கு வாங்கின கியர் பொக்ஸ் எந்த வண்டியோடது?

கல்லடி மைனர்:
வண்டி 1958 மொரிஸ் மைனர் 1000. எஞ்சின் நம்பர் 9எம் எண்டு தொடங்குது, 948 சிசி. இப்ப இருக்கிற பொக்ஸ் இரண்டாவது கியர்ல இருந்து தானா நியூட்ரலுக்குக் கழருது, காலை எடுத்தா உடனே. பழைய சாமான் கடையொண்டில "1098 பொக்ஸ்", அதாவது 1098 சிசி மைனரின் கியர் பொக்ஸ் எண்டு சொல்லி ஒண்டைத் தந்தாங்க. கட்டை லீவர், பின்னுக்கு நீண்ட கூட்டுக்கு மேல நிக்குது. வெளிக்கூட்டில வரி வரியா மேடு கிடக்கு. நம்பர் பிளேட் ஒண்டும் இல்லை. இது மெய்யா 1098தானா? 948 எஞ்சினில நேரா ஏறுமா? அண்ணமார் சொல்லுங்க, பூட்டினாப் பிறகு கழட்ட ஏலாது.

கல்முனை ஸ்பானர்:
வரி இருந்தா அது 1962க்குப் பிறகு வந்த வகை தம்பி. மைனரில பொக்ஸை இப்படிப் பிரிக்கலாம்: நீட்டு லீவர் பொக்ஸ் மூடியில நேரா நிண்டா சீரிஸ் 2, 803 சிசி. கட்டை லீவர், கூடு மொழுமொழு எண்டிருந்தா 948. கட்டை லீவரோட வரியும் இருந்தா 1098.

நேரா ஏறாது. 948க்கு கிளட்ச் தட்டு 6¼ அங்குலம், அதாவது 159 மி.மீ. 1098க்கு 7¼ அங்குலம், 184 மி.மீ. கிளட்சை மூடுற முன்கூடு, பெல் ஹவுசிங், அதுவே பெரிசு. அதால எஞ்சினுக்கும் பொக்ஸுக்கும் நடுவில வாற பேக் பிளேட், பிளை வீல், பிரஷர் பிளேட், கிளட்ச் தட்டு எல்லாம் 1098இலிருந்து ஒரே செட்டா எடுக்கணும். பிளை வீலை மட்டும் மாத்திப்போட்டு மற்றதைப் பழசில விட்டா பொருந்தாது. கொழும்பில பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளுக்குப் போறதெண்டா நாலையும் சேத்துக் கேளுங்க, தனித்தனியாத் தேடினா விலையும் அலைச்சலும் கூட.

வாவிக்கரை:
ஸ்பானர் நானா சொன்னதில கிளட்ச் கணக்குச் சரி. ஆனா வரியை மட்டும் பார்த்து 1098 மைனர் எண்டு முடிவெடுக்கக் கூடாது. ஸ்பிரைட், மிட்ஜட் எண்ட சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களின் 1098இலயும் அதே வரிக் கூடுதான். கடைக்காரர் பொய் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கும் வரி மட்டும்தான் தெரியும்.

முதல்ல பெல் ஹவுசிங்கைப் பாருங்க. மைனரில கிளட்ச் கம்பியால இழுபடுறது. வெளியில வாற கிளட்ச் கையை சட்டப் பக்கத்து ரிலே ஷாஃப்ட்டில இருந்து வாற ஒரு கம்பி இழுக்கும். ஸ்பிரைட், மிட்ஜட்டில ஹைட்ரோலிக், கம்பிக்குப் பதிலா திரவ அழுத்தம், அதால பெல் ஹவுசிங்கிலேயே ஸ்லேவ் சிலிண்டர் பூட்டுற இடம் வார்த்திருக்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு கியரிலயும் ஷாஃப்ட் சுத்துறதை எண்ணிப் பாருங்க. கூட்டில வார்த்த நம்பர் கூட்டுக்குத்தான் சொந்தம். இத்தனை வருசத்தில உள்ளே எவர் எந்தப் பல்லை மாத்தினாரோ, நம்பர் சொல்லாது. எண்ணிக்கை சொல்லும்.

ஒயிலை வடிச்சுப் போட்டு பொக்ஸை மேசையில படுக்க வைங்க. வாலுக்குள்ள புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யோக்கைச் செருகி அதில ஒரு சோக்குக் கோடு, கூட்டில நேரா இன்னொண்டு. முன் ஷாஃப்ட்டிலயும் அப்படியே. கியரைப் போட்டு முன் ஷாஃப்ட்டைக் கையால சுத்துங்க. வால் சரியா 10 சுத்து வாறவரைக்கும் முன் எத்தனை சுத்து எண்டு எண்ணணும். ஒரே ஒரு சுத்தை எண்ணினா கால் சுத்துப் பிழை கணக்கையே கெடுத்துப்போடும், அதுக்காகத்தான் பத்து.

948 மைனர்: முதல் கியர் 36¼, இரண்டு 23¾, மூண்டு 14 சொச்சம்.
1098 மைனர்: முதல் 36¼, இரண்டு 21¾, மூண்டு அதே 14 சொச்சம்.
மிட்ஜட் 1098: முதல் 32, இரண்டு 19 சொச்சம், மூண்டு 13½.

மூண்டாவது கியரை நம்ப வேணாம், வித்தியாசம் சின்னன். முதலும் இரண்டும் போதும். சந்தேகம் எண்டா ரிவர்ஸையும் எண்ணுங்க: மைனர் ரெண்டுக்கும் 46½, மிட்ஜட்டுக்கு 41.

இன்னொண்டு, போல்ட் தலையில 12 மி.மீ. ஸ்பானர் சிக்கெனப் பிடிச்சா கவனம். மைனரில அரை அங்குலம், 9/16 அங்குலம் தலைகள்தான் வரும். 12, 14 மி.மீ. எண்டா ஜப்பான் சாமான், இல்லாட்டி எவரோ போல்ட்டை மாத்தியிருக்கார்.

கல்லடி மைனர்:
எண்ணினன். முதல் கியர் 32, இரண்டு 19 தாண்டி கொஞ்சம், ரிவர்ஸ் 41. பெல் ஹவுசிங்கின் பக்கத்தில தட்டையா ஒரு முகம், ரெண்டு ஓட்டை. ஸ்பானர் அரை அங்குலம்தான். ஒயிலில மஞ்சள் தூள் வந்தது, இரும்புத் துண்டு இல்லை.

வாவிக்கரை:
மிட்ஜட் பொக்ஸ், முடிஞ்சுது.

இதை 948இல பூட்டலாமா எண்டா, ஏலும், ஆனா கணக்கைப் பாருங்க. உங்கட பின் அச்சின் பல் விகிதம் 4.55. இப்ப முதல் கியர் மொத்தம் 3.628 தர 4.55, அதாவது 16.5. மிட்ஜட் பொக்ஸோட 14.56 ஆகும். 1098 மைனரே 4.22 அச்சோட 15.3தான். அதால மட்டக்களப்பு, கல்முனைச் சமதரையில ஓட்டுறதுக்கு உயிர் போகாது. செங்கலடியால பிபிலை தாண்டி லுணுகலை ஏத்தத்தில நாலு பேரோட நிண்டு எடுக்கேக்க கிளட்ச் மணக்கும். பொக்ஸைப் பூட்டிப்போட்டு வேகத்துக்காக அச்சையும் 4.22ஆ மாத்தினா 13.5. 948க்கு அது பாரம், செய்ய வேணாம்.

பெரிய தலையிடி கிளட்ச். பெல் ஹவுசிங் கூட்டோட சேர்ந்த ஒரே வார்ப்பு, கழட்டி மாத்த ஏலாது. ஒண்டு ஹைட்ரோலிக்குக்கு மாறணும், அதுக்கு பெடலுக்கு ஒரு மாஸ்டர் சிலிண்டருக்கு இடம் செய்யணும். இல்லாட்டி உள் பல்லுகளை 1098 மைனர் கூட்டுக்குள்ள மாத்தணும், அப்ப கூடு ஒண்டும் வாங்கணும். ரெண்டுக்கும் மேலால நானா சொன்ன பேக் பிளேட்டும் பிளை வீலும். என்ர யோசனை: இதை மிட்ஜட் வைச்சிருக்கிற ஆளுக்குக் குடுங்க, உங்கட பொக்ஸைத் திருத்துங்க.

கல்முனை ஸ்பானர்:
சரிதான், பெல் ஹவுசிங்கை முதலே கேட்டிருக்கணும்.

பழைய பொக்ஸைத் திறக்க முதல் பின் மவுன்ட் ரப்பரைப் பாருங்க தம்பி. அது நசிஞ்சா பொக்ஸ் கீழ இறங்கி லீவர் தரை ஓட்டையின் விளிம்பில முட்டும், காலை எடுக்கேக்க எஞ்சின் அசையிற அசைவே கியரை இழுத்துப்போடும். லீவரின் ரப்பர் மூடியைக் கழட்டிப்போட்டு ஒருக்கா ஓட்டிப் பாருங்க. அப்பவும் கழண்டா திறக்கத்தான் வேணும்.

திறந்தா செலக்டர் கம்பியைப் பிடிச்சு நிறுத்துற குண்டும் ஸ்பிரிங்கும் முதல். ஸ்பிரிங் தளர்ந்தா மலிவு வேலை. பிறகு இரண்டாவது கியரின் நாய்ப்பல்லு, அதாவது கியரை ஹப்போட கோத்துப் பிடிக்கிற சின்னப் பல்லு. முனை உருண்டு போனா ஸ்பிரிங் மாத்தியும் நிக்காது, கியரும் ஹப்பும் மாத்தணும். லே ஷாஃப்ட், அதாவது கீழ கிடக்கிற துணை ஷாஃப்ட், முன்பின்னா ஆடுதா எண்டும் பாருங்க. ஓடேக்க 1, 2, 3இல இரைஞ்சு நாலில அடங்கினா பிரச்சினை அதிலதான். நாலாவது நேர்ப் பூட்டு, லே ஷாஃப்ட்டில பாரம் விழாது. நியூட்ரலில இரைஞ்சு கிளட்ச் மிதிக்க நிண்டா முன் ஷாஃப்ட் பெயாரிங்கையும் சேத்துப் பாருங்க. முதல் கியருக்கு, பல்லுகளை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிற சிங்ரோ இல்லை, வண்டி நிக்காமப் போட்டா கடிக்கும், அதைப் பழுதெண்டு எடுக்காதீங்க.

மஞ்சள் தூள் சிங்ரோ வளையத்தின் பித்தளை. மிட்ஜட் பொக்ஸை விக்கேக்க அதைச் சொல்லித்தான் விக்கணும்.

இறக்கேக்கயும் ஏத்தேக்கயும் பொக்ஸுக்குக் கீழ ஜாக் நிக்கணும். பாரம் முழுக்க முன் ஷாஃப்ட்டில தொங்கினா கிளட்ச் தட்டு வளைஞ்சு போகும், பிறகு கிளட்ச் விடாது, ஆக்கள் பொக்ஸைத்தான் குறை சொல்லுவாங்க.

கல்லடி மைனர்:
நன்றி நானா. ஒயில் என்ன ஊத்துறது? கராஜில 90 நம்பர் கியர் ஒயில் எண்டாங்க.

கல்முனை ஸ்பானர்:
90 பின் அச்சுக்கு. பொக்ஸுக்கு எஞ்சின் ஒயில், எஸ்ஏஈ 30, இல்லாட்டி 20டபிள்யூ50. அளவு 1.3 லீற்றர். தடிப்பு ஒயில் ஊத்தினா சிங்ரோ வளையம் பிடிக்கச் சுணங்கும், சில 90இல இருக்கிற மருந்து பித்தளையையும் தின்னும். பக்கத்து பிளக்கைக் கழட்டி, வண்டி மட்டமா நிக்க, ஒயில் வழியிறவரைக்கும் ஊத்துங்க.